வேகத்தடையிலும் ரேம்பிலும் கார் அடி தட்டாமல் இருக்க: அளப்பது முதல் சரிசெய்வது வரை

புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு முதல் மாதத்திலேயே அறிமுகமாகும் சத்தம் ஒன்று உண்டு. தெருமுனை வேகத்தடையிலோ அடுக்குமாடியின் பேஸ்மென்ட் ரேம்பிலோ காருக்கு அடியிலிருந்து வரும் ‘கர்ர்’. கேட்டவுடன் பலர் ஸ்பிரிங்கில் ரப்பர் வைக்கிறார்கள், டயரை மாற்றுகிறார்கள், சிலர் காரையே விற்றுவிடுகிறார்கள். ஆனால் எது எதில் தட்டுகிறது, எத்தனை மில்லிமீட்டரில் தட்டுகிறது என்று அளந்து பார்ப்பவர்கள் குறைவு. ஒரு டேப், ஒரு நூல், இரண்டு குச்சிகள், ஒரு மணி நேரம் இருந்தால் அதை அளந்துவிடலாம். பிறகு செலவு செய்ய வேண்டுமா, எதில் செய்ய வேண்டும் என்பது தானே தெரியும்.

1. சத்தம் எந்த நொடியில் வருகிறது என்று கவனியுங்கள்

கார் ஏறத் தொடங்கும்போதே, முன்சக்கரம் மேட்டைத் தொடும் முன் உரசினால் அது முன் பம்பரின் கீழ் உதடு. பெரும்பாலான கார்களில் அது பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பட்டை. கீறல் விழும், ஓட்டத்துக்குப் பாதிப்பில்லை.

முன்சக்கரம் மேட்டைத் தாண்டி இறங்கிய உடனே ‘டொக்’ என்று கேட்டால் எஞ்சினுக்கு அடியிலுள்ள பகுதி: பிளாஸ்டிக் அடிக்கவசம், அதற்கு மேலே ஆயில் சம்ப், அதாவது எஞ்சின் ஆயில் தேங்கும் தட்டு. இதுதான் பயப்பட வேண்டிய இடம். வேகமாகத் தாண்டும்போது முன்சக்கரம் கீழே விழுந்து ஸ்பிரிங் அமுங்குகிறது. கார் நிற்கும்போது இருக்கும் உயரத்தைவிட மூக்கு தாழ்ந்துவிடுகிறது. மேடோ அப்போதுதான் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், எஞ்சினுக்கு நேர் கீழே இருக்கிறது.

மேடு வயிற்றுக்கு நடுவே இருக்கும்போது நீளமாக உரசினால் சைலன்ஸர் குழாய், அதன் கிளாம்ப், அல்லது எரிபொருள் டாங்க். மின்சாரக் கார் என்றால் பேட்டரிப் பெட்டி. பின்சக்கரமும் தாண்டிய பிறகு வரும் சத்தம் பின் பம்பருடையது, அல்லது வண்டியை இழுக்கும் கொக்கியுடையது. சிஎன்ஜி கார்களில் சிலிண்டர் மட்டுமே 60 கிலோ அளவுக்கு வரும் என்பதால், பின்புறம் எப்போதும் சற்றுத் தாழ்ந்தே இருக்கும்.

ஒருமுறை நண்பரை வெளியே நிற்கவைத்துக் கைபேசியில் பக்கவாட்டில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அந்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தொடும் இடம் தெளிவாகத் தெரியும். எடுப்பவர் காருக்கு முன்னாலோ ரேம்பில் காருக்குப் பின்னாலோ நிற்கவே கூடாது. பக்கவாட்டில், சுவரைவிட்டு விலகி நிற்கட்டும்.

2. உங்கள் காரின் உண்மையான உயரம் என்ன?

விளம்பரத் தாளில் இருக்கும் கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் காரின் அடிக்கும் உள்ள இடைவெளி) பொதுவாக ஆளில்லாத காருக்கானது. ஸ்விஃப்டுக்கு 163 மி.மீ., ஹோண்டா சிட்டிக்கு 165 மி.மீ. என்று போட்டிருக்கும். நான்கைந்து பேர் ஏறி, டிக்கியில் பெட்டியும் வைத்தால் இதில் 30 முதல் 45 மி.மீ. வரை குறைந்துவிடும். அப்போது கையில் இருப்பது 120, 125 மி.மீ. மட்டுமே. வீட்டில் தனியாக ஓட்டும்போது தட்டாத ரேம்ப், ஊருக்குக் கிளம்பும் நாளில் மட்டும் தட்டுவது இதனால்தான்.

அளக்கும் முறை:

சமதளத்தில் காரை நிறுத்தி, டயர்க் காற்றைக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். வழக்கமாக ஏறும் ஆட்களை உட்காரவையுங்கள். தெர்மாகோல் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி 100, 115, 130, 145, 160 மி.மீ. உயரத்தில் ஐந்து கட்டைகள் செய்துகொள்ளுங்கள். நீளமான குச்சியால் ஒவ்வொன்றையும் காருக்கு அடியில் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் தள்ளுங்கள். முன்சக்கரங்களுக்குச் சற்றுப் பின்னால் ஒருமுறை, முன், பின் சக்கரங்களுக்குச் சரிநடுவில் ஒருமுறை. இடிக்காமல் போகும் மிக உயரமான கட்டைதான் உங்கள் கிளியரன்ஸ். காருக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்க வேண்டாம். ஜாக்கியில் தூக்கியும் அளக்காதீர்கள், அளவே தப்பாகிவிடும்.

இன்னும் இரண்டு அளவுகள் தேவை. முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை உள்ள தூரம், அதாவது வீல்பேஸ். ஸ்விஃப்டுக்கு 2450 மி.மீ., சிட்டிக்கு 2600 மி.மீ. அடுத்தது பம்பர் உதட்டின் உயரமும், முன்டயர் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து அந்த உதடு எவ்வளவு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதும்.

ஓடிப்பழகிய கார் என்றால் கூடவே சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். இடது வலதுக்கு இடையே 10 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அப்படியிருந்தால் ரேம்பைக் குறைசொல்லும் முன் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும்.

3. நூல் சோதனை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

இரண்டு குச்சிகளில் கீழிருந்து சரியாக 200 மி.மீ. உயரத்தில் கோடு போடுங்கள். கொத்தனார் பயன்படுத்தும் நைலான் நூலை அந்தக் கோடுகளில் கட்டுங்கள். குச்சிகளுக்கு இடையிலான தூரம் உங்கள் காரின் வீல்பேஸ் அளவு இருக்க வேண்டும். வேகத்தடையின் உச்சி, அல்லது ரேம்ப் முடிந்து சமதளம் தொடங்கும் மடிப்பு, இரண்டு குச்சிகளுக்கும் நடுவில் வருமாறு நிறுத்துங்கள். நூல் தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்திருக்கட்டும். இப்போது நூலிலிருந்து கீழே மேட்டின் உச்சி வரை அளந்து, அதை 200-லிருந்து கழியுங்கள். வருவதுதான் அந்த இடத்தைத் தாண்டத் தேவைப்படும் உயரம்.

நூலுக்கும் மடிப்புக்கும் இடையே 70 மி.மீ. வந்தால், தேவை 130. ஆள் ஏறிய உங்கள் கார் 125 என்றால் நிச்சயம் தட்டும். 160 என்றால் போய்விடும். கார் ஆடும், அமுங்கும் என்பதால் 25 மி.மீ. கையிருப்பு இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் ‘சில நாள் தட்டும்’ என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ரேம்பின் சரிவு தெரிந்தால் நூலில்லாமலும் கணக்குப் போடலாம். வீல்பேஸை 4-ஆல் வகுத்து, சரிவு விகிதத்தால் பெருக்குங்கள். 2600 மி.மீ. வீல்பேஸுக்கு 650. சரிவு 1:8, அதாவது எட்டடி நீளத்துக்கு ஓரடி உயர்வு, என்றால் 650-ஐ 8-ஆல் வகுக்க 81 மி.மீ. போதும். 1:6-க்கு 108. 1:5-க்கு 130. 1:4-க்கு 162. அதாவது 1:8 ரேம்பில் சாதாரணக் கார் எதுவும் அடி தட்டாது. 1:6 பெரும்பாலும் தாண்டும். 1:5-இல் ஆள் நிறைந்த செடான் தட்டும். 1:4-இல் காலியாக இருந்தாலே தட்டும் நிலைதான். மடிப்பு கூர்மையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. மடிப்பை வளைவாக்கியிருந்தால் தேவை குறையும், அதை நூல் காட்டிவிடும்.

இதில் இன்னொன்றும் தெரிகிறது. எஸ்யூவி உயரமாக இருப்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். வீல்பேஸ் நீண்டால் தேவையும் கூடும். இனோவா கிரிஸ்டாவின் வீல்பேஸ் 2750 மி.மீ. அதே 1:5 ரேம்பில் அதற்கு 138 மி.மீ. வேண்டும், ஸ்விஃப்டுக்கு 122 போதும்.

கார் வாங்கும் முன் இருப்பவர்களுக்கு: டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலில் முடித்துக்கொள்ளாதீர்கள். காரை உங்கள் வீட்டுக்கே வரவழைக்கலாம், பெரும்பாலான விற்பனையாளர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஓட்டுநர் உரிமம் மட்டும் கையில் இருக்கட்டும். குடும்பத்தினர் எல்லோரையும் ஏற்றி உங்கள் பேஸ்மென்ட்டில் இறங்கி ஏறிப் பாருங்கள், அரை மணி நேரம் போதும். முன்பணம் கட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு பார்க்கப் போகும்போதும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் காரை உள்ளே விட்டுப் பார்ப்பது நல்லது.

4. வேகத்தடையைப் பார்த்தவுடன் எடைபோடுவது

உயரத்தைவிட அகலத்தைப் பாருங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 99 வழிகாட்டுதலில் உள்ள வட்டமேடு 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம் கொண்டது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் தாண்டுவதற்காகத் திட்டமிட்டது. 2600 மி.மீ. வீல்பேஸ் கார் அதைத் தாண்டத் தேவைப்படுவது சுமார் 50 மி.மீ. மட்டுமே. ஏனென்றால் நடு உச்சி வயிற்றுக்குக் கீழே வரும்போது நான்கு சக்கரங்களும் மேட்டின் மேலேயே இருக்கும்.

தட்டுவது தெருக்காரர்கள் தாங்களே போட்ட மேடுகளில்தான். அரை மீட்டர், முக்கால் மீட்டர் அகலத்தில் 15 செ.மீ. உயரத்துக்குத் தாரையோ சிமென்டையோ கொட்டிவிட்டால், முன்சக்கரமும் பின்சக்கரமும் தரையில் நிற்க, 150 மி.மீ. மேடு முழுவதும் வயிற்றுக்கு நேராக வந்துவிடும். புதுச் சாலை போட்ட பிறகு மேட்டின் மேலேயே இன்னொரு மேடு போடுவதும் நடக்கிறது. மஞ்சள் கறுப்பு ரப்பர் தடைகள் பெரும்பாலும் 50 அல்லது 75 மி.மீ. உயரம்தான். அவை உலுக்கும், அடி தட்டாது. ஆனால் ஒரு துண்டு பெயர்ந்துபோய்ப் போல்ட் மட்டும் துருத்திக்கொண்டிருந்தால் டயருக்கு ஆபத்து.

தாண்டும் முறை:

அ) மேட்டுக்கு 15, 20 மீட்டர் முன்பே வேகத்தைக் குறைத்து முதல் கியருக்கு வாருங்கள். மணிக்கு 5 முதல் 8 கி.மீ. போதும்.

ஆ) முன்சக்கரம் மேட்டைத் தொடும் நொடியில் பிரேக்கில் கால் இருக்கக் கூடாது. புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு இது. பிரேக் பிடிக்கும்போது மூக்கு தாழ்கிறது, ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கியிருக்கும் நிலையில் மேட்டில் மோதுகிறது. தொடும் முன் காலை எடுத்துவிட்டால் மூக்கு தானே எழும்பும்.

இ) முன்சக்கரம் தாண்டியதும் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். பின்சக்கரம் இறங்கும்வரை அதே நடைவேகம்.

ஈ) குறுகிய உயரமான மேட்டை நேராக ஏறாமல் சாய்வாக, சுமார் 30 டிகிரி கோணத்தில் ஏறுங்கள். ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கும்போது எப்போதும் ஏதோ ஒரு சக்கரம் காரைத் தூக்கிக்கொண்டிருக்கும். வயிற்றின் நடுப்பகுதிக்குக் கிடைக்கும் இடைவெளி கூடும். இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியில் இரண்டு பக்கமும் இருசக்கர வாகனங்களைப் பார்த்துவிட்டுத்தான் சாய வேண்டும். நம் ஊரில் வேகத்தடையின் ஓரத்தில் இருக்கும் ஒரு அடி இடைவெளிக்குள் எப்போதும் ஒரு ஸ்கூட்டர் வந்துகொண்டிருக்கும். அகலமான வட்டமேட்டில் சாய்வு தேவையே இல்லை, கார் மட்டும் வீணாக ஆடும்.

உ) ஏஎம்டி (கிளட்ச் மிதிக்காமல் தானே கியர் மாறும் வகை), ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பிரேக்கை விட்டாலே கார் ஊரும். அந்த ஊர்தலிலேயே தாண்டலாம். மேட்டில் நின்றுவிட்டால் மட்டும் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுங்கள்.

5. ரேம்பில் இறங்குவதும் ஏறுவதும்

இறங்கும்போது இரண்டு இடங்களில் தட்டும். மேல் மடிப்பில் வயிறு, கீழே தரையைத் தொடும் இடத்தில் முன் பம்பர்.

கீழ்ப்பகுதிக்கு ஒரு கணக்கு: உதட்டின் உயரம் 180 மி.மீ., டயர் தொடும் புள்ளியிலிருந்து 800 மி.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1:5 சரிவில் 800 மி.மீ.-க்கு 160 மி.மீ. வித்தியாசம் வரும். மிச்சம் 20 மி.மீ. சரிவில் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி இறங்கினால் மூக்கு 30 மி.மீ. தாழும், உதடு தரையில் உரசும். இதற்குச் செலவே இல்லாத தீர்வு: முதல் கியரில் எஞ்சின் பிடிப்பிலேயே நடைவேகத்தில் இறங்கி, தரையைத் தொடுவதற்கு ஒரு மீட்டர் முன் பிரேக்கை லேசாகத் தளர்த்துங்கள். எதிரே சுவரோ தூணோ இருந்தால் வேகம் முன்கூட்டியே முழுவதும் குறைந்திருக்க வேண்டும். இறங்கும்போது கிளட்ச்சை மிதித்துக்கொண்டு வருவது தவறு, எஞ்சின் பிடிப்பு போய்விடும்.

ஏறும்போது மேல் மடிப்பில் நிறுத்தாதீர்கள். கேட் மூடியிருந்தால் ரேம்பின் அடியிலேயே காத்திருந்து, திறந்த பிறகு ஒரே மூச்சில் ஏறுங்கள். மடிப்பில் நின்று மறுபடி கிளம்பினால் முன்பக்கம் எழும்பிப் பின்பக்கம் அமுங்கும், பின் பம்பரும் சைலன்ஸரும் உரசும். ரேம்ப் அகலமாக இருந்தால் மடிப்பைச் சற்றுச் சாய்வாகத் தாண்டலாம். இரண்டு பக்கமும் சுவர் இருந்தால் வேண்டாம்.

ஊருக்குப் போகும் நாளில் பெட்டிகளையும் ஆட்களையும் தெருவில் வைத்து ஏற்றுங்கள். பின்சீட்டில் மூன்று பேர் இறங்கினாலே பின்புறம் இரண்டு மூன்று செ.மீ. எழும்பும். இந்த ஒரு பழக்கத்திலேயே பல வீடுகளில் பிரச்சினை முடிந்துவிடுகிறது.

6. காரில் என்ன செய்யலாம், எது வீண்

டயர்க் காற்று: 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 24 இருந்தால் சில மி.மீ. இறங்கிவிடும். வாரம் ஒருமுறை பாருங்கள்.

தளர்ந்த ஸ்பிரிங், ஒழுகும் ஷாக் அப்ஸார்பர்: மாற்றினால் இழந்த உயரம் திரும்பும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். கம்பெனி உதிரியே போடுங்கள்.

பெரிய ரிம்: ரிம் பெரிதானால் கார் உயரும் என்பது தப்புக்கணக்கு. 165/80 ஆர்14 டயரின் விட்டம் சுமார் 620 மி.மீ. 185/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 621 மி.மீ. ரிம் ஒரு அங்குலம் கூடியும் உயரம் கூடவில்லை. 185/65-லிருந்து 195/65 ஆர்15-க்குப் போனால் விட்டம் 13 மி.மீ. கூடும், கார் உயர்வது அதில் பாதி, ஆறரை மி.மீ. நான்கு டயர் வாங்கும் பணத்துக்கு ஆறரை மி.மீ. லாபமா என்று நீங்களே முடிவுசெய்யுங்கள். ஸ்பீடோமீட்டரும் இரண்டு சதவீதம் பிசகும்.

ஸ்பிரிங் பஃபர், ஸ்பேசர்: ஸ்பிரிங் சுருளுக்கு இடையே திணிக்கும் ரப்பர் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். ஆள் நிறைந்திருக்கும்போது அமுங்குவதைக் குறைக்கும். ஆனால் அந்தச் சுருள் மட்டும் வேலை செய்யாமல் போவதால் மற்ற சுருள்களில் சுமை கூடும், சவாரி விறைக்கும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்ஸார்பரும் சேர்ந்த ஸ்டிரட்டுக்கு மேலே வைக்கும் ஸ்பேசர் இன்னும் ஒருபடி மோசம். அலைன்மென்ட் மாறும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் மாறும், வாரண்டி கேள்விக்குள்ளாகும். கம்பெனி அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. புதுக் காரில் இதைச் செய்யவே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து.

அடிக்கவசம்: பிளாஸ்டிக் கவசம் கிழிந்தால் உடனே மாற்றுங்கள். தொங்கும் கவசம்தான் அடுத்த மேட்டில் மாட்டி இழுக்கும். இரும்புத் தகடு போட்டால் சம்ப் தப்பிக்கும், ஆனால் தகட்டின் கனத்தோடு இடைவெளியும் சேர்த்து 10 முதல் 20 மி.மீ. கிளியரன்ஸைத் தின்றுவிடும். முன்பு தட்டாத இடத்திலும் பிறகு தட்டும்.

7. ரேம்பைச் சரிசெய்வது

காரைத் தூக்குவதைவிட ரேம்பைத் திருத்துவதுதான் பெரும்பாலும் மலிவு. எல்லாக் கார்களுக்கும் ஒரே செலவில் தீர்வும் கிடைக்கும்.

கீழ் மடிப்பை நிரப்புவது: 1:5 சரிவு தரையைத் தொடும் இடத்தில், மடிப்புக்கு இந்தப் பக்கம் 1.2 மீட்டர், அந்தப் பக்கம் 1.2 மீட்டர் தொடுமாறு ஒரு கான்கிரீட் ஆப்பு போட்டால் அந்தப் பகுதி 1:10 சரிவாகிவிடும். மடிப்பில் அதன் கனம் 120 மி.மீ. மூன்று மீட்டர் அகல ரேம்புக்குத் தேவைப்படும் கான்கிரீட் 0.43 கன மீட்டர். 1:1.5:3 கலவையில் சிமென்ட் 4 மூட்டைக்குள், எம்-சாண்ட் 7 கன அடி, 12 மி.மீ. ஜல்லி 14 கன அடி. விளிம்பு மெல்லியதாக வருவதால் 20 மி.மீ. ஜல்லி சரிப்படாது. கொத்தனாரும் இரண்டு சித்தாள்களும் இரண்டு நாள். கூலியும் பொருளும் சேர்த்துப் பத்திலிருந்து பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் முடியும், ஊருக்கு ஊர் கூலி மாறும்.

இந்த வேலை பாழாவது பெரும்பாலும் விளிம்பில்தான். பூஜ்ஜியக் கனத்துக்குத் தேய்த்துவிட்ட விளிம்பு ஒரே மாதத்தில் பெயரும். இரு முனையிலும் பழைய தளத்தை 40 மி.மீ. ஆழத்துக்கு வெட்டி, அந்தக் குழிக்குள் புதுக் கான்கிரீட் முடியும்படி செய்யச் சொல்லுங்கள். பழைய பரப்பைக் கொத்தி, கழுவி, சிமென்ட் பால் ஊற்றிய பிறகே புதியது போட வேண்டும். மேல்பரப்பில் குறுக்குக் கோடுகள் இழுத்தால்தான் மழையில் டயர் வழுக்காது. ரேம்பின் அடியிலுள்ள மழைநீர்க் கால்வாய்க் கம்பியை மூடிவிடாதீர்கள். ஏழு நாள் தண்ணீர் கட்டி, குறைந்தது பத்து நாள் கார் ஏறாமல் இருக்க வேண்டும். அதனால் வேறிடத்தில் பார்க்கிங் ஏற்பாடு செய்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் முடிப்பது நல்லது.

மேல் மடிப்பு: இதை நிரப்பிச் சரிசெய்ய முடியாது, செதுக்க வேண்டும். அங்கே பீமோ ஸ்லாப் கம்பியோ இருக்கலாம். கட்டுமானப் பொறியாளர் பார்க்காமல் ஒரு உளி கூடப் படக் கூடாது. செதுக்க முடியாத இடத்தில் கைகொடுக்கும் வழி சக்கரப் பட்டைகள். மடிப்புக்கு இரு புறமும் சக்கரம் போகும் தடத்தில் மட்டும் 40 முதல் 50 மி.மீ. கனத்தில், ஒவ்வொன்றும் 550 மி.மீ. அகலத்தில் இரண்டு கான்கிரீட் பட்டைகள். நடுவே 900 மி.மீ. காலியாக விடுங்கள். சக்கரம் உயரும், வயிற்றின் நடுவில் இருக்கும் மேடு அதே உயரத்தில் இருக்கும். அத்தனை மி.மீ. லாபம். மடிப்பின் இரு பக்கமும் ஒரு வீல்பேஸ் நீளமாவது பட்டை இருக்க வேண்டும். ஓரங்களைச் சாய்வாகத் தேய்த்து மஞ்சள் வண்ணம் பூசுங்கள், இல்லையென்றால் ஸ்கூட்டர்கள் சறுக்கும்.

வாசல் படி: தெருவுக்கும் கேட்டுக்கும் இடையே சிறிய படி மட்டும் என்றால் ரப்பர் ஆப்புக் கட்டைகள் போதும், ஒன்று ஆயிரம் ரூபாய் அளவில் தொடங்கும். கழற்றி எடுத்து வைக்கக்கூடியதாக வாங்குங்கள்.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு: வெள்ளத்துக்குப் பயந்து தளத்தை உயர்த்துவது சென்னையில் இப்போது வழக்கம். தெருவிலிருந்து இரண்டடி உயர்த்தினால் 1:8 ரேம்புக்குப் பதினாறடி நீளம் வேண்டும். 1:6 என்றால் பன்னிரண்டடி. அது முழுவதும் உங்கள் மனைக்குள் இருக்க வேண்டும். தெருவுக்கு நீட்டினால், மாநகராட்சி மழைநீர் வடிகால் வேலைக்கு வரும்போது இடித்துவிடும், இழப்பீடு கிடையாது. வரைபடம் போடும் நாளிலேயே மேலும் கீழும் எட்டடி நீளத்துக்குப் பாதிச் சரிவு வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள், அதற்கேற்ப ரேம்பின் மொத்த நீளம் கூடும்.

8. மனு, அனுமதி, ஆவணங்கள்

அடுக்குமாடி: ரேம்ப் பொதுச் சொத்து. உங்கள் காருக்காக நீங்களாகவே கொத்தக் கூடாது. நூல் சோதனை அளவுகள், டேப் வைத்து எடுத்த படங்கள், இரண்டு கொட்டேஷன்கள் ஆகியவற்றைச் சங்கத்தில் கொடுத்துத் தீர்மானம் வாங்குங்கள். வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டு ஆகவில்லை என்றால் முதலில் கட்டியவருக்கு எழுதுங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 14(3) பிரிவின்படி, அந்தக் காலத்துக்குள் தெரிவிக்கப்படும் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளை 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டியது அவர் கடமை. அனுமதி வரைபட நகல், கட்டுமான ஒப்பந்தம், ஒப்படைப்புக் கடிதம், அளவுப் படங்கள் இணையுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ஒப்படைத்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். வரைபடத்தில் 1:8 என்றும் தரையில் 1:5 என்றும் இருந்தால் அதுவே உங்கள் வலுவான ஆதாரம்.

தெரு வேகத்தடை: சாலை யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சென்னை மாநகராட்சித் தெரு என்றால் 1913. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. எதுவென்று தெரியாவிட்டால் முதல்வர் உதவி எண் 1100. ‘ஸ்பீட் பிரேக்கர் மோசம்’ என்று மட்டும் சொன்னால் நகராது. தெருப்பெயர், எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே, உயரம் இத்தனை செ.மீ., அகலம் இத்தனை, கறுப்பு வெள்ளைப் பட்டை இல்லை, 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை இல்லை என்று எழுதி, டேப் தெரியும் படம் இணையுங்கள். அகற்றச் சொல்வதைவிட, விதிப்படி அகலப்படுத்தச் சொல்வது எளிதில் நிறைவேறும். தெருவில் குழந்தைகள் இருப்பதால்தான் அந்த மேட்டைப் போட்டிருப்பார்கள், அவர்கள் பயமும் நியாயம்தான். புகார் எண்ணைக் குறித்துவைத்து, பதில் வராவிட்டால் அதே எண்ணைச் சொல்லி மறுபடி கேளுங்கள். நீங்களே மேட்டை அகற்றவும் கூடாது, சிமென்ட் கொட்டவும் கூடாது.

9. பலமாகத் தட்டிவிட்டால்

பத்திரமான இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கைபேசி விளக்கால் அடியில் பாருங்கள். தேன் நிறத்திலோ கறுப்பாகவோ பிசுபிசுப்பாகச் சொட்டினால் எஞ்சின் ஆயில். பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்றால் கூலன்ட். ஏசி ஓடியிருந்தால் சொட்டும் சுத்தமான தண்ணீர் பிரச்சினையில்லை. பெட்ரோல் வாசனை வந்தால் எல்லோரையும் இறக்கித் தள்ளி நிற்கவையுங்கள்.

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ ஆயில் சொட்டினாலோ மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. ‘ரெண்டு கிலோமீட்டர்தானே, ஷெட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடலாம்’ என்பதுதான் சில ஆயிரம் ரூபாய் சம்ப் வேலையை லட்சம் ரூபாய் எஞ்சின் வேலையாக்குகிறது. உடைந்த சம்ப் விபத்துச் சேதம், பாலிசியில் அடங்கும். ஒழுகிய பிறகு ஓட்டியதால் எஞ்சின் இறுகி நின்றுவிட்டால் அது தொடர்விளைவுச் சேதம் என்று சாதாரணப் பாலிசியில் மறுப்பார்கள். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு இருந்தாலும் அதன் நிபந்தனைகளைப் படித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒழுகல் இல்லாவிட்டாலும் இரும்புச் சம்ப் உள்பக்கம் ஒடுங்கியிருக்கலாம். ஆயிலை உறிஞ்சும் குழாய் சம்பின் அடியை ஒட்டியே இருப்பதால், ஒடுக்கு அதன் வாயை அடைக்கும். அதனால் ஒரு வாரத்துக்குள் லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள், ஷெட்டில் சில நூறு ரூபாய்தான் ஆகும். மின்சாரக் காரில் பேட்டரிப் பெட்டியில் ஒடுக்கு தெரிந்தால் சார்ஜ் போடும் முன் கம்பெனி சர்வீஸில் காட்டுங்கள்.

கிளெய்ம் செய்வதாக இருந்தால் காரை நகர்த்தும் முன் மேட்டையும் காரையும் சேர்த்துப் படம் எடுங்கள். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். ஆர்சி, ஓட்டுநர் உரிமம், பாலிசி நகல், நிரப்பிய கிளெய்ம் படிவம், ஷெட் கொடுக்கும் எஸ்டிமேட் ஆகியவை தேவை. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்ப்பதற்கு முன் பாகங்களைக் கழற்ற விடாதீர்கள். 1500 சிசி வரையுள்ள காருக்கு 1000 ரூபாயும், அதற்கு மேல் 2000 ரூபாயும் கட்டாயமாக உங்கள் கையிலிருந்து போகும்.

சின்னச் சேதத்துக்குக் கிளெய்ம் போடும் முன் போனஸ் கணக்கை, அதாவது கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியைப் பாருங்கள். சொந்தச் சேதப் பிரீமியம் 8000 ரூபாய், அடுத்த புதுப்பிப்பில் 45 சதவீதத் தள்ளுபடிக்கு வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் போட்டால் அது பூஜ்ஜியமாகும். அடுத்த ஆண்டே 3600 ரூபாய் போகும். பிறகு 20, 25, 35, 45 என்று மறுபடி ஏறி 50-ஐத் தொடும்வரை சேர்த்தால், பிரீமியம் மாறாதிருந்தால், இழப்பு 9600 ரூபாய். நான்காயிரம் ரூபாய் பம்பர் பெயின்ட்டுக்கு இது கட்டுப்படியாகாது. சம்பும் ரேடியேட்டரும் சேர்ந்து உடைந்திருந்தால் தயங்காமல் போடுங்கள்.

கார் நின்ற இடத்தில் அன்றிரவு ஒரு பழைய அட்டைப் பெட்டியை விரித்துப் போட்டு, காலையில் எடுத்துப் பாருங்கள். பகலில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒழுகல் கூட எட்டு மணி நேரத்தில் அட்டையில் வட்டமாகத் தெரியும், எந்த இடத்துக்கு நேர் கீழே என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கும். அந்த அட்டையைப் படம் எடுத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.